சூசன்னாவும் கைத்தொலைபேசியும்

தவக்காலம் ஐந்தாம் வாரத் திங்கட்கிழமைத் திருப்பலியில் தானியேல் ஆகமத்தின் 13ஆம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. நீண்ட வாசகம் ஆகையால் பலர் பாதியிலேயே கவனம் தளர்ந்து விடுகின்றனர். வீட்டிலே பிள்ளைகளுடன் அமர்ந்து ஒருமுறை முழுவதையும் வாசித்துப் பாருங்கள்.

பாபிலோனில் வாழ்ந்த யோவாக்கிம் என்னும் செல்வரின் மனைவி சூசன்னா. அவ்வாண்டு நீதிபதிகளாயிருந்த முதியவர் இருவர் அவ்வீட்டுக்கு வந்து போயினர். நண்பகலில் சனங்கள் கலைந்த பின்னர் அவள் தோட்டத்தில் உலாவுவதை நாள்தோறும் பார்த்தே இச்சை கொண்டனர். அவள் அவர்களை அழைக்கவில்லை. தன் கணவனின் தோட்டத்தில் உலாவினாள், அவ்வளவுதான்.

அந்தத் தோட்டம் இன்று கைத்தொலைபேசிக்குள் வந்திருக்கிறது. கட்டுரைகள் எழுதும் சகோதரி ஒருவரின் அனுபவத்தை அவருடைய அனுமதியுடன் இங்கே தருகிறேன். அவர் தமது கட்டுரையொன்றை முகநூலில் இட்டார். வேறொரு பங்கைச் சேர்ந்த, வயதில் மூத்த, மதிப்புள்ள ஒருவர் பாராட்டி எழுதினார். சகோதரி நன்றி சொன்னார். மறுநாள் முதல் காலைதோறும் மாதா படத்துடன் வணக்கம் வந்தது. அடுத்து, "படத்தில் மிக இளமையாக இருக்கிறீர்கள்" என்றார். பின்னர் இரவு பதினொரு மணிக்கு, "இன்னும் நித்திரை இல்லையா?" என்று கேட்டார். "ஐயா, கட்டுரையைப் பற்றி மட்டும் எழுதுங்கள்" என்று சகோதரி மரியாதையாகவே பதில் அளித்தார். "தங்கச்சி என்று நினைத்துத்தானே எழுதினேன், ஏன் கோபம்?" என்று வந்தது மறுமொழி. அடுத்த இரவும் அவர் விடவில்லை.

இதைவிடச் சகோதரியை நோகடித்தது வீட்டார் கேட்ட கேள்வி: "நீ ஏன் படம் போட்டாய்?" அதன்பின் மூன்று மாதம் அவர் எதையும் எழுதவில்லை.

இந்தக் கேள்விதான் நமது குடும்பங்களில் முதலில் எழுகிறது. பாபிலோனிலும் சனங்கள் முதியவர்களின் வயதையும் பதவியையும் பார்த்து அவர்கள் சொன்னதை நம்பினர். இளைஞன் தானியேலோ குற்றஞ் சாட்டியவர்களையே தனித்தனியாக விசாரித்தான். எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று கேட்டபோது, இருவரும் வெவ்வேறு மரங்களைச் சொல்லி அகப்பட்டனர். நமது ஆண்டவரும் இச்சையோடு பார்ப்பதைப் பற்றிப் பேசும்போது (மத்தேயு 5:28) பார்ப்பவனைத்தான் எச்சரிக்கிறார். பார்க்கப்பட்டவளிடம் அவர் கணக்குக் கேட்கவில்லை.

பாராட்டுவது பாவமன்று. "வேண்டாம்" என்று ஒருத்தி சொன்ன பின்னரும் தொடர்வதற்குப் பாராட்டு என்று பெயரில்லை. காலையில் மாதா படம் அனுப்பியது இரவுச் செய்திக்குப் பரிகாரமும் ஆகாது.

இனி, செய்ய வேண்டியவை. வந்த செய்திகளை ஆத்திரத்தில் அழித்துவிட வேண்டாம். திகதி தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்த பின்னர் ஆளைத் தடுத்து விடுங்கள். எமது நாட்டின் தண்டனைச் சட்டக்கோவை 345ஆம் பிரிவு, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சொல்லால் செய்யும் பாலியல் தொந்தரவையும் குற்றமாக்குகிறது. ஐந்து ஆண்டு வரை சிறையோ, தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளையின் போனைப் பறித்து வைத்தால், அடுத்த முறை அவள் உங்களிடம் சொல்ல மாட்டாள். சூசன்னா விசாரணைக்கு வந்தபோது பெற்றோர், பிள்ளைகள், உறவினர் எல்லோரும் அவளோடு கூடவே வந்தனர் என்று ஆகமம் சொல்கிறது. தீர்ப்பு என்னவாகும் என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது.