திட்டினால் திருந்துமா?

கேள்வி: குடோனில் சரக்கு ஏற்றுமுன் சரிபார்ப்புச் சீட்டைப் பையன்கள் நிரப்புவதே இல்லை. திட்டியும் பார்த்துவிட்டேன். என்ன செய்ய?

பதில்: திட்டுவதை நிறுத்தி, எத்தனை சீட்டு நிரம்புகிறது என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவின் எமரி ஏர் ஃப்ரைட் நிறுவனத்தில் எட்வர்ட் ஃபீனி என்பவர் அதைத்தான் செய்தார். சிறு பார்சல்களைப் பெரிய கன்டெய்னரில் சேர்த்து அனுப்பினால் செலவு மிச்சம். ‘90 சதவீதம் அப்படித்தான் அனுப்புகிறோம்’ என்றார்கள் ஊழியர்கள். எண்ணினால் 45! பொய்யில்லை, அவர்களுக்கே தெரியவில்லை. அவரவர் கணக்கை அவரவரே குறிக்க ஒரு தாள் கொடுத்தார். முன்னேறியவர்களை மேலாளர்கள் உடனுக்குடன் பாராட்டினார்கள். அளவு 95-ஐத் தொட்டது. உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னரின் நடத்தையியலை 1970 வாக்கிலேயே வேலைத்தலத்துக்குக் கொண்டுவந்த கதை இது.

உங்கள் குடோனில் சீட்டை நிரப்பினால் என்ன நடக்கிறது? ஒன்றுமில்லை. நிரப்பாதவன் ஐந்து நிமிஷம் முன்னதாக டீக்குப் போகிறான். ஆக, பரிசு யாருக்கு? (சீட்டு ஆபீஸ் மேஜையிலும் சரக்கு வாசலிலும் இருந்தால், குற்றம் பையன்கள்மேல் இல்லை.) சீட்டையும் பேனாவையும் லாரி நிற்கும் இடத்திலேயே கட்டித் தொங்கவிடுங்கள். வெறும் ‘சபாஷ்’ போதாது. ‘உன் சீட்டால்தான் உடைந்த பெட்டி பிடிபட்டது’ என்று அன்றைக்கே சொல்லுங்கள். போனஸ் தீபாவளிக்கு வந்தால் போதும்.