எல்லோரும் எழுதும் பேரேடு

கணக்கெழுதும் கலையை நமது வியாபாரச் சகோதரர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அன்றாடம் நடந்ததைச் சிட்டையில் குறிப்பதும், அதனை ஆள்வாரியாகப் பேரேட்டில் பெயர்த்தெழுதுவதும், வருஷ முடிவில் ஐந்தொகை போடுவதும் தோட்டத்துக் கடைகளில் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த காரியங்கள். அந்த அனுபவத்தையே துணையாகக் கொண்டு, நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் புரட்டும் விக்கிப்பீடியா எவ்விதம் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்பதை இப்பாடத்தில் கவனிப்போம்.

தமிழ் வளர்ச்சிக் கழகத்தார், பெ. தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டார்கள். அதில் பொருள்கள் அகர வரிசையில் நிற்கின்றன. அச்சேறிய பிழையைத் திருத்த மறுபதிப்புத்தான் வரவேண்டும். விக்கிப்பீடியாவோ 2001-ல் ஆங்கிலத்திலும், 2003-ல் தமிழிலும் தொடங்கப்பெற்றது. 'விக்கி' என்பது ஹவாய் மொழியில் விரைவைக் குறிக்கும் சொல். வாசிப்பவரே திருத்தக்கூடிய இணையதளம் ஒன்றை 1995-ல் ஏற்படுத்திய வார்டு கன்னிங்காம் என்பவர் அப்பெயரை வழங்கினார். தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. முகமறியாத பலர் கொண்டுவந்து இறக்கும் இத்தனை சரக்கும் குப்பையாகாமல் இருப்பது எப்படி? அதற்கு நான்கு ஏற்பாடுகள் உள.

1. பக்கம்: ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் என்பது முதல் விதி. பேரேட்டில் ஓர் ஆளுக்கு இரண்டு இடத்தில் பற்று எழுதினால் கணக்குக் குழம்புமல்லவா? அதுபோன்றதே இது. ஒரு பக்கத்திலிருந்து மற்றொன்றுக்குப் போக, சொற்கள் நீல நிறத்தில் இணைக்கப்பட்டிருக்கும். சிவப்பு நிறத்தில் ஒரு சொல் இருந்தால், அந்தச் சரக்கு இன்னும் வந்து சேரவில்லை, அதாவது அப்பக்கத்தை இன்னும் யாரும் எழுதவில்லை என்று பொருள்.

2. பகுப்பு: கடையில் ஒரு மூட்டையை ஒரே இடத்தில்தான் வைக்க முடியும். இங்கே அப்படியன்று. போர்ட்டிக்சனைப் பற்றிய ஒரே பக்கத்தை நெகிரி செம்பிலான் ஊர்கள், கடற்கரை நகரங்கள் ஆகிய இரண்டு பகுப்புகளிலும் நிறுத்தலாம். பக்கத்தின் அடியில் பகுப்பின் பெயர் இருக்கும்; அதைத் தொட்டால் அவ்வினத்தைச் சேர்ந்த பக்கங்கள் யாவும் அகர வரிசையில் வரும். பெரிய பகுப்புக்குள் சிறிய பகுப்பு அடங்கும். மலேசியாவுக்குள் மாநிலம், மாநிலத்துக்குள் அதன் ஏழு மாவட்டங்கள் என்று கிளை கிளையாக இறங்கிப் போகலாம்.

3. பெயர்: நம் தோட்டங்களில் ஒரே இடத்துக்குக் கம்பெனி வைத்த பெயர் ஒன்று, மலாய்ப் பெயர் ஒன்று, பால்மரம் சீவியவர்கள் வழங்கிய தமிழ்ப் பெயர் ஒன்று என்று இருப்பதுண்டு. எந்தப் பெயரால் தேடினாலும் சரியான பக்கத்துக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாட்டுக்கு 'வழிமாற்று' என்று பெயர். சிரம்பான் என்றால் நகரமா, மாவட்டமா? இவ்வாறு ஒரு பெயர் பலவற்றைக் குறித்தால், 'பக்கவழி நெறிப்படுத்தல்' என்ற பக்கம் வழியைப் பிரித்துக் காட்டும்.

4. வரலாறும் பேச்சும்: நல்ல கணக்கப்பிள்ளை தவறிய பதிவைச் சுரண்டி அழிக்கமாட்டார், குறுக்கே கோடிட்டு, பக்கத்தில் சரியானதை எழுதுவார். விக்கிப்பீடியாவிலும் ஒவ்வொரு திருத்தமும், செய்தவர் அடையாளம், நாள், நேரம் ஆகியவற்றுடன் 'வரலாறு' என்ற பகுதியில் நிற்கிறது. ஒருவர் கெடுத்ததை மற்றொருவர் பழையபடி மீட்கலாம். வழக்கு எழுந்தால், கட்டுரையோடு ஒட்டிய பேச்சுப் பக்கத்தில் வாதிக்க வேண்டும். பொதுவான ஆலோசனைக்கு 'ஆலமரத்தடி' என்று அழகாகப் பெயரிட்ட மன்றம் இருக்கிறது.

இனி நம்மைப் பற்றிய விஷயம். நெகிரி செம்பிலானில் பால்மரம் நின்ற இடங்கள் பல செம்பனையாகவும், சிரம்பான், நீலாய் பக்கங்களில் வீட்டு மனைகளாகவும் மாறிவிட்டன. தோட்டம் போனால் லயம் போகிறது. லயம் போனால் கடையும் போகிறது. அங்கே அரிசியும் பருப்பும் விற்றவர், சம்பளநாள் வரை கடன் கொடுத்துக் காத்திருந்தவர் யார் என்று பேரன் கேட்டால் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? பிறர் கணக்கையெல்லாம் எழுதிய நாம், நமது வரலாற்றை எழுதாது விட்டோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எனினும், உடனே நம் கடையைப் பற்றிப் பக்கம் திறந்துவிடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. அது விளம்பரப் பலகையன்று. தன் கடையைப் பற்றித் தானே எழுதுவது அங்கே முறையல்ல. 'என் பாட்டனார் சொன்னார்' என்பதும் சான்றாகாது. வெளியிடப்பெற்ற, நம்பத்தகுந்த ஆதாரம் வேண்டும். 1924-ல் தோன்றி 2019-ல் நின்றுபோன 'தமிழ் நேசன்' போன்ற ஏடுகளின் பழைய இதழ்களும், ஆண்டு மலர்களும், ஆராய்ச்சி நூல்களும் இதற்கு உதவும். ஆதாரமில்லாத வரவை எந்த வியாபாரி ஏற்பார்?

வீட்டில் கிடக்கும் பழைய பேரேடுகளைக் கறையானுக்கு விடாமல், தேசிய ஆவணக் காப்பகத்திலோ நூலகத்திலோ ஒப்படைக்க முடியுமா என்று விசாரிக்கலாம். அவற்றைக் கொண்டு ஆராய்ந்து பிறர் நூல் எழுதினால், அந்நூல் நாளை சான்றாகும். ஆனால் ஒன்று: அவற்றில் கடன்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அவை நம்மிடம் உள்ள அமானிதம். விலையையும் சரக்கின் பெயரையும் ஊரறியச் சொல்லலாம். இன்னார் இவ்வளவு பாக்கி என்பதைச் சொல்லலாகாது.

பயிற்சி:

அ. உங்கள் ஊரின் பக்கத்தைத் தமிழ் விக்கிப்பீடியாவில் தேடி, அடியில் உள்ள பகுப்புகளைக் குறித்துக்கொள்க.

ஆ. அதன் 'வரலாறு' பகுதியைத் திறந்து, முதலில் எழுதிய நாளையும் கடைசியாகத் திருத்திய நாளையும் காண்க.

இ. பிழை ஒன்றைக் கண்டால், ஆதாரத்தோடு பேச்சுப் பக்கத்தில் தெரிவிக்க. ஒரு தேதியைத் திருத்தினாலும் அது நல்ல வரவே.