பழைய பதக்கம் கணக்கில் வராது

2021-ஆம் ஆண்டு நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக் போட்டியில் தென்கொரிய வீராங்கனை ஆன் சான் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். ஒரே ஒலிம்பிக்கில் வில்வித்தையில் மூன்று தங்கம் வெல்வது மிக அரிது. ஆனால், அடுத்து 2024-இல் பாரிஸ் நகருக்குச் சென்ற தென்கொரிய அணியில் அவர் பெயர் இல்லை. அவர் ஓய்வு பெறவில்லை. தேர்வுப் போட்டிகளில் போதிய புள்ளிகள் பெறவில்லை, அவ்வளவுதான்.

வேறு நாடாக இருந்திருந்தால் அவருக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். தென்கொரியாவில் அந்த வழக்கம் இல்லை. அது ஏன் என்பதை அறிய, அந்நாட்டில் இவ்விளையாட்டு வளர்ந்த கதையைப் பார்க்க வேண்டும்.

கொரியர்களுக்கு வில் புதிதன்று. எருமைக் கொம்பு, மூங்கில், விலங்கின் தசைநார் ஆகியவற்றை ஒட்டிச் செய்யும் வளைந்த வில்லை அவர்கள் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தி வருகின்றனர். அம்மரபு விளையாட்டில் இலக்கு 145 மீட்டர் தொலைவில் இருக்கும். பலகையின் எப்பகுதியில் அம்பு பட்டாலும் அது வெற்றியே. ஒலிம்பிக் வில்வித்தையோ வேறு வகை. அதில் தொலைவு 70 மீட்டர். ஐந்து பூப்பந்துத் திடல்களை நீளவாக்கில் வரிசையாக வைத்தால்கூட அதைவிடச் சற்றுக் குறைவுதான். அங்கிருந்து பார்த்தால், பத்துப் புள்ளிகள் தரும் நடுவட்டத்தின் விட்டம் 12.2 சென்டிமீட்டர். ஒரு குறுந்தட்டின் அளவு என்று சொல்லலாம்.

இந்தப் புதிய வகை 1960களில்தான் தென்கொரியாவில் வேரூன்றத் தொடங்கியது. பள்ளிகளே அதன் நாற்றங்கால்களாக அமைந்தன. யெச்சோன் என்னும் சிற்றூரைச் சேர்ந்த கிம் ஜின்-ஹோ, 1979-இல் பெர்லினில் உலக வெற்றியாளரானபோது அவருக்கு வயது 17. மறு ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கைத் தென்கொரியா புறக்கணித்ததால், அவருடைய சிறந்த காலத்தின் ஒரு வாய்ப்பு கைநழுவிப் போயிற்று. 1984-இல் லாஸ் ஏஞ்சலிசில் எல்லாரும் அவரையே எதிர்பார்த்தனர். தங்கம் வென்றவரோ அவருடைய அணித்தோழி, 17 வயதுப் பள்ளி மாணவி சோ ஹியாங்-சூன். கிம்முக்கு வெண்கலம் கிடைத்தது. ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் தென்கொரியப் பெண் சோதான்.

அடுத்த ஆண்டே ஹியூண்டாய் நிறுவனம் வில்வித்தைச் சங்கத்திற்குப் பொறுப்பேற்று ஆதரிக்கத் தொடங்கியது. பணம் வந்தது, பயிற்சி வசதிகள் பெருகின. எனினும், பணம் மட்டுமே வெற்றியைத் தந்தது என்று கூறுவது சரியாகாது. தொடக்கப்பள்ளியில் சேரும் பிள்ளை எடுத்த எடுப்பில் அம்பு எய்வதில்லை. நிற்கும் முறை, தோளை வைக்கும் முறை, மூச்சை அடக்கும் முறை ஆகியவற்றையே முதலில் கற்கிறது. இரைச்சலுக்குப் பழகுவதற்காக, தேசிய அணியினர் பார்வையாளர்கள் நிறைந்த பேஸ்பால் அரங்குகளிலும் அம்பு எய்து பழகுகின்றனர்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது தேர்வுமுறை. பல மாதங்கள், பல சுற்றுகள், ஆயிரக்கணக்கான அம்புகள். காற்றிலும் மழையிலும் போட்டி நடக்கும். எய்பவர் யார் என்பது முக்கியமில்லை. புள்ளிகள் மட்டுமே பேசும். இம்முறை கடுமையானதுதான். உடல்நலம் குன்றிய ஒரு வாரம், நான்கு ஆண்டுக் கனவைக் கலைத்துவிடலாம். ஆயினும், அதே முறை கதவைத் திறந்தும் விடுகிறது. 2020-ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து தோள் காயத்தால் விலகியவர் கிம் ஜெ-டியோக் என்னும் மாணவர். பெருந்தொற்றால் ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப்போனது. முன்பு தேர்வானவர்களையே அனுப்பியிருக்கலாம். ஆனால், சங்கம் 2021-க்கு மீண்டும் தேர்வு நடத்தியது. 17 வயதான கிம் அதில் தேறி, தோக்கியோவில் இரண்டு தங்கம் வென்றார். அவர் பயின்ற பள்ளியும் அதே யெச்சோனில்தான் உள்ளது.

பாரிசுக்குச் சென்ற மகளிர் அணியின் மூவருக்குமே அதுதான் முதல் ஒலிம்பிக். ஆன் சானைப் போன்ற ஒருவர்கூட இல்லாத அணி என்று பலர் கவலைப்பட்டனர். மகளிர் குழுப் போட்டி 1988-இல் தொடங்கியது முதல், அதன் தங்கத்தைத் தென்கொரியா ஒருமுறையும் இழந்ததில்லை. அந்தப் பெருமை முழுவதும் மூன்று புதியவர்களின் தோளில் ஏறியது. சீனாவுடனான இறுதி ஆட்டம் சமநிலையில் நின்று, ஆளுக்கோர் அம்பு எய்யும் கூடுதல் சுற்றுவரை சென்றது. அதில் வென்று, பத்தாவது முறையாக அவர்கள் தங்கத்தைத் தக்கவைத்தனர்.

ஆண்கள் தனிநபர் இறுதி ஆட்டமும் அப்படித்தான் முடிந்தது. கிம் வூ-ஜின், அமெரிக்காவின் பிராடி எலிசன் இருவரும் கடைசி அம்பில் பத்துப் புள்ளிகள் பெற்றனர். நடுப்புள்ளியிலிருந்து யாருடைய அம்பு தள்ளியிருக்கிறது என்று நடுவர்கள் அளந்து பார்த்தனர். கிம்மின் அம்பு 4.9 மில்லிமீட்டர் நெருக்கமாக இருந்தது. ஒலிம்பிக்கில் அது அவருடைய ஐந்தாவது தங்கம். ஊர் திரும்பிய அவருக்கும், அடுத்த தேசிய அணிக்கான தேர்வு காத்திருந்தது.