காதால் வேட்டையாடும் பூனை

ஆபிரிக்கப் புல்வெளி என்றதும் சிங்கமும் சிறுத்தையுமே நம் மனக்கண்ணில் தோன்றுகின்றன. அதே நிலத்தில், உயர்ந்து வளர்ந்த புல்லுக்குள் ஓசையின்றி வாழும் இன்னொரு பூனையினம் சேர்வல். சஹாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகள் பலவற்றில், பெரும்பாலும் நீர்நிலைகளையும் நாணற் புதர்களையும் அண்டி இது வாழ்கிறது.

மஞ்சள் நிற உடலில் கரும்புள்ளிகளும் குட்டையான வாலும் கொண்ட இம்முலையூட்டியின் தோளுயரம் சுமார் 60 சென்ரிமீற்றர். நிறை 8 முதல் 18 கிலோகிராம் வரை. உடலளவோடு ஒப்பிட்டால், பூனைக் குடும்பத்திலேயே மிக நீண்ட கால்களும் மிகப் பெரிய காதுகளும் இதற்கே உண்டு. கால்கள் நீண்டிருப்பதால் சீட்டாவைப் போல விரட்டிப் பிடிக்கும் என எண்ணிவிடக் கூடாது. புல்லுக்கு மேலே தலையை உயர்த்திக் கேட்கவும் துள்ளிப் பாயவுமே அவை உதவுகின்றன.

புல்லடியில் ஓடும் எலி கண்ணுக்குத் தெரியாது. எனவே சேர்வல் சில வேளைகளில் கண்களை மூடியபடி கால் மணி நேரம் வரை அசையாமல் நிற்கும். இரு காதுகளும் தனித்தனியே திரும்பி, மண்ணுக்குள் நகரும் எலியின் சிறு சலசலப்பையும் பிடித்துக்கொள்ளும். இடம் தெரிந்ததும் வில்லைப் போல வளைந்து மேலெழுந்து, முன்னங்கால்கள் இரண்டையும் இரையின் மீது ஊன்றி இறங்கும். தன்சானியாவின் இங்கோரோங்கோரோவில் அவதானிக்கப்பட்ட பாய்ச்சல்களில் ஏறத்தாழ அரைவாசி வெற்றி பெற்றன. சிங்கத்துக்குக்கூட இவ்வளவு வெற்றி எளிதில் கிட்டுவதில்லை. பலத்த காற்று வீசும்போது புல்லின் இரைச்சல் கேட்டலைக் குழப்புவதால், அந்நேரங்களில் வேட்டை குறைந்துவிடும்.

தாய் சுமார் இரண்டரை மாதம் கருவுற்றிருந்து, அடர்ந்த புல்லிலோ வேறு விலங்குகள் கைவிட்ட வளையிலோ குட்டிகளை ஈனுகிறது. வளர்க்கும் பொறுப்பு முழுவதும் தாயுடையதே.

இதன் உணவில் பெரும்பகுதி எலியினங்கள். தவளை, பாம்பு, பறவை, பூச்சிகளையும் உண்ணும். பயிரை அழிக்கும் எலிகளைத் தின்பதால் சேர்வல் விவசாயிக்கு நண்பன். ஆயினும் எப்போதாவது ஒரு கோழியைக் கவ்வியதற்காக அடித்துக் கொல்லப்படுகிறது, தோலுக்காகவும் வேட்டையாடப்படுகிறது. இவற்றோடு, சதுப்பு நிலங்கள் வற்றவைக்கப்படுவதும் புல்வெளிகள் எரிக்கப்படுவதும் அதன் வாழிடத்தையே பறிக்கின்றன. தெற்கிலும் கிழக்கிலும் இன்னும் பரவலாகக் காணப்படும் இவ்வினம், வட ஆபிரிக்காவில் மிக அரிதாகிவிட்டது.

ஒரு கோழியின் இழப்பு உடனே கண்ணில் படுகிறது. ஆயிரம் எலிகளிடமிருந்து காக்கப்பட்ட தானியத்தை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. சேர்வலைக் காப்பதென்பது, அது காது கொடுத்துக் கேட்கும் அந்தப் புல்லையும் நீரையும் காப்பதேயாகும்.