உளவியல் ஏடுகளும் மேற்கோள் கணக்கும்

நம் சங்கத்து மாணவர்களுள் உளவியல் பயில்வோர் சிலரே. ஆயினும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி ஏதேனும் ஓர் ஏட்டில் வெளியிட்டாக வேண்டும் என்ற கவலை உடையவர் பலர். அவர்களுள் ஒருவர் சென்ற பருவத்தில் பாணேரில் என் அறைக்கு வந்தார். கையில் ஒரு கடிதம். "தங்கள் கட்டுரையை மூன்றே நாளில் வெளியிடுவோம், எங்கள் ஏட்டின் இம்பாக்ட் பாக்டர் 7.2, கட்டணம் ரூபாய் 1,500" என்று அதில் கண்டிருந்தது. "அண்ணா, ஏழு என்றால் பெரிய எண் அல்லவா? அனுப்பலாமா?" என்று கேட்டார். அந்த எண் எங்கிருந்து பிறக்கிறது என்று அவருக்குச் சொல்லப் புகுந்ததே இக்கட்டுரைக்கு விதை.

ஓர் அறிஞர் கட்டுரை எழுதும்போது, தமக்கு முன் எழுதியவர்களின் நூல்களையும் கட்டுரைகளையும் குறிப்பிட்டே எழுதுகிறார். அவ்வாறு குறிப்பிடுவதை மேற்கோள் என்கிறோம். நம் உரையாசிரியர்கள் "என்றார் பிறரும்" என்று எழுதிப் போனார்களே, அது போன்றதே இதுவும். ஆனால் நம் உரையாசிரியர்களுள் எவரை எவர் எத்தனை முறை எடுத்தாண்டார் என்று ஒருவரும் கணக்கு வைக்கவில்லை. அந்தக் கணக்கை ஒரு தொழிலாகவே ஆக்கியவர் அமெரிக்கரான யூஜின் கார்பீல்டு. வழக்கறிஞர்கள் ஒரு தீர்ப்பைப் பிற்காலத் தீர்ப்புகள் எவ்வாறு எடுத்தாண்டன என்று பார்ப்பதற்கு வைத்திருந்த பழைய அட்டவணை ஒன்றைக் கண்டு, விஞ்ஞானக் கட்டுரைகளுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என 1955-இல் 'சயன்ஸ்' ஏட்டில் எழுதினார். 1964-இல் விஞ்ஞானத்துக்கும், 1973-இல் சமூக இயல்களுக்கும் அவ்வட்டவணைகள் வெளிவந்தன. 1975 முதல் ஏடுகளுக்கு ஆண்டுதோறும் இம்பாக்ட் பாக்டர் என்னும் தாக்க எண் கணிக்கப்பட்டு வெளியாகத் தொடங்கியது.

இத்துறையில் தமிழர் ஒருவருக்கும் இடமுண்டு. சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணித ஆசிரியராய் இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். இரங்கநாதன், நூலகப் பணிகளைக் கணித முறையால் அளக்க வேண்டும் என்றும், அதற்கு 'லைப்ரமெட்ரி' என்று பெயரிடலாம் என்றும் 1948-இல் இங்கிலாந்தில் நடந்த நூலகர் மாநாட்டில் கூறினார். 'பிப்ளியோமெட்ரிக்ஸ்' என்று இன்று உலகம் வழங்கும் சொல் பரவியதோ 1969-க்குப் பின்னர்தான். நம்மவர் வைத்த பெயர் நிலைக்கவில்லை, கருத்து நிலைத்தது.

கணக்கு எளியதே. ஓர் ஏடு 2022-இல் 40 கட்டுரைகளும் 2023-இல் 50 கட்டுரைகளும் வெளியிட்டது என்று கொள்வோம். இந்த 90 கட்டுரைகளையும் 2024-இல் வெளிவந்த பிற கட்டுரைகள் மொத்தம் 108 முறை மேற்கோள் காட்டினால், 108-ஐ 90-ஆல் வகுக்க 1.2 கிடைக்கும். அதுவே 2024-க்கு அவ்வேட்டின் தாக்க எண். இதில் இரண்டு குறைகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, இது சராசரி. அந்த 108-இல் 60 ஒரே ஒரு கட்டுரைக்குக் கிடைத்திருந்தால், எஞ்சிய 89 கட்டுரைகளுக்கும் சேர்த்துக் கிடைத்தது 48 மட்டுமே. விடுதியில் ஒருவன் நூற்றுக்கு நூறு வாங்கியதால் விடுதியின் சராசரி உயர்ந்தது என்று மற்றவர் மார்தட்டுவது எவ்வளவு பொருந்துமோ, ஏட்டின் எண்ணைக் கொண்டு கட்டுரையை மதிப்பதும் அவ்வளவே பொருந்தும். இரண்டாவது, ஈராண்டு எல்லை. மருத்துவ இயலில் ஒரு கட்டுரை ஓராண்டில் பேசப்பட்டுவிடும். உளவியலிலோ ஒரு கருத்து ஊறி வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும்.

எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே அருமையான சான்று ஒன்று உண்டு. 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதிர்ச்சி உணரப்பட்டும் பெருஞ்சேதம் நேராத பகுதிகளில் மக்களிடையே உலவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்னும் உளவியலாளர் திரட்டினார். அவ்வதந்திகளில் பல, இதைவிடப் பெரிய கேடு இனி வரப்போகிறது என்று சொல்பவை. 1935-இல் பிரிட்டிஷ் உளவியல் ஏட்டில் அவர் கட்டுரை வெளியாயிற்று. பின்னர் துர்கானந்த சின்ஹா, டார்ஜிலிங்கில் நிலச்சரிவால் உண்மையிலேயே அழிவு நேர்ந்த இடத்தில் மக்கள் பேசியவற்றை ஆராய்ந்து, 1952-இல் அதே ஏட்டில் எழுதினார். அங்கே அத்தகைய அச்சமூட்டும் வதந்திகள் எழவில்லை.

அமெரிக்காவில் லியோன் பெஸ்டிங்கர் என்பவர் இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சேதமில்லாத ஊரில் அச்சமூட்டும் கதைகளை மக்கள் ஏன் தாமே கட்டிக்கொண்டு மேலும் அஞ்ச வேண்டும்? அவருக்குத் தோன்றிய விடை இது: அவர்கள் ஏற்கெனவே அஞ்சியிருந்தார்கள், அஞ்சுவதற்குக் கண்முன் காரணம் ஒன்றுமில்லை, ஆகவே அச்சத்துக்குப் பொருந்தும் காரணத்தைத் தேடிக்கொண்டார்கள். மனத்திலுள்ள இரண்டு ஒன்றோடொன்று முரண்படும்போது, அம்முரணைத் தணிக்க மனம் முயல்கிறது என்ற அவருடைய கொள்கை 1957-இல் நூலாக வந்தது. இருபதாம் நூற்றாண்டின் சமூக உளவியலில் அதைவிட மிகுதியாகப் பேசப்பட்ட கொள்கைகள் சிலவே. 1935-இல் விதைத்தது 1957-இல் விளைந்தது. ஈராண்டுக் கணக்குப்படி பிரசாத்தின் கட்டுரைக்கு என்ன மதிப்பெண் கிடைத்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இதில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கல்கத்தாவில் நரேந்திரநாத் சென்குப்தா முதலியோரின் முயற்சியால் 1924-இல் இந்திய உளவியற் கழகம் தோன்றி, 1926-இல் 'இந்தியன் ஜர்னல் ஆப் சைக்காலஜி' என்னும் ஏடும் வெளிவரத் தொடங்கிவிட்டது. பிரசாத் எழுதியபோது அவ்வேட்டுக்கு வயது ஒன்பது. அந்த இரு கட்டுரைகளும் அதில் வெளிவந்திருந்தால் பெஸ்டிங்கரின் மேசைக்குப் போயிருக்குமா? போயிருக்காது என்றே நான் கருதுகிறேன். கண்ணில் படாத கட்டுரைக்கு மேற்கோள் ஏது?

பின்னர் ஏடுகள் பெருகின. 1956-இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் 'சைக்கலாஜிக்கல் ஸ்டடீஸ்' பிறந்தது. மறு ஆண்டு சென்னை உளவியற் கழகத்தின் ஏடு தொடங்கிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. டி. போவாஸ் 1943-லேயே உளவியல் துறையைத் தொடங்கியிருந்தார். 1989-இல் துர்கானந்த சின்ஹாவை ஆசிரியராகக் கொண்டு அலகாபாத்திலிருந்து வளரும் நாடுகளுக்கென்றே ஓர் ஏடு வந்தது. இவற்றுள் மைசூரில் பிறந்த ஏடு பிற்காலத்தில் தேசிய உளவியற் கழகத்தின் ஏடாகி, 2009 முதல் ஸ்பிரிங்கர் நிறுவனத்தோடு இணைந்து வெளிவருகிறது. அதன்பின் அது உலக அட்டவணைகளிலும் எளிதாகக் கிடைக்கலாயிற்று. உள்ளடக்கம் ஒரே நாளில் உயர்ந்துவிடவில்லை. தேடுவோர் கண்ணுக்கு அது தெரியத் தொடங்கியது, அவ்வளவே. மேற்கோள் எண்ணிக்கையில் சரக்குக்கு ஒரு பங்கு என்றால், கடைவீதியில் கடை இருக்கும் இடத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

அவ்வேடுகளில் எதைப் பற்றி எழுதினார்கள்? தொடக்க காலத்தில் புலனுணர்வுச் சோதனைகளும் அறிவுத்திறன் தேர்வுகளும் உளப்பகுப்பாய்வும் மிகுதி. சென்குப்தா ஹார்வர்டில் பயின்றவர். மைசூரில் 1924-இல் துறையை அமைத்த எம். வி. கோபாலசாமி இலண்டனில் ஸ்பியர்மனிடம் பயின்றவர். ஆசான் வழியே மாணவன் வழி என்பது இயல்புதானே. விடுதலைக்குப் பின் வகுப்புப் பூசல், சாதி மனப்பான்மை, தொழிலாளர் மனநிலை, கல்வி ஆகியவை இடம்பெற்றன. 1950-இல் யுனெஸ்கோவின் சார்பில் கார்டனர் மர்பி இங்கு வந்து சமூகப் பூசல்களின் உளவியலை ஆராய்ந்தது இப்போக்குக்கு ஊக்கமளித்தது. அண்மைக் காலத்தில் உடல்நலம், முதுமை, நல்வாழ்வு, பண்பாடு என்று நோக்கம் விரிந்துள்ளது. சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு 1972 முதல் பல முறை வெளியிட்ட உளவியல் ஆய்வுத் தொகுப்புகளைப் புரட்டினால் இம்மாற்றம் தெளிவாகத் தெரியும். மேலைநாட்டில் செய்த ஆய்வையே இங்கே வேறு மாணவரைக் கொண்டு மீண்டும் செய்து பார்ப்பது மலிந்துவிட்டது என்ற குறையை நம் உளவியலாளர்களே பலமுறை எழுப்பியும் உள்ளனர்.

மேலைநாட்டாரின் நிலை மட்டும் என்ன? ஆர்னெட் என்னும் அமெரிக்க உளவியலாளர் தம் நாட்டின் ஆறு முதன்மை உளவியல் ஏடுகளில் 2003 முதல் 2007 வரை வந்த கட்டுரைகளை ஆராய்ந்து 2008-இல் எழுதினார். ஆய்வுக்கு உட்பட்டோரில் 68 விழுக்காட்டினர் அமெரிக்கர்; மேலைத் தொழில்நாட்டார் அனைவரையும் சேர்த்தால் 96 விழுக்காடு. அமெரிக்கர் உலக மக்கள் தொகையில் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. மிக உயர்ந்த தாக்க எண் உடைய ஏடுகள் 'மனிதன் இத்தகையவன்' என்று பொதுவாகச் சொல்லும்போது, பாணேர்க் குன்றடியில் வாழும் மராத்தியக் கிழவியும் தஞ்சைக் குடியானவரும் அந்த 'மனிதனுள்' அடங்குவரா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

மேற்கோள் எண்ணிக்கை உண்மைக்குச் சான்றும் ஆகாது. உளவியல் ஏடுகளில் வந்த 100 ஆய்வுகளைப் பெருங்குழு ஒன்று மீண்டும் செய்து பார்த்து 2015-இல் முடிவை வெளியிட்டது. முதலில் செய்தபோது 97 விழுக்காடு ஆய்வுகளில் குறிப்பிடத்தக்க விளைவு தெரிந்ததாக எழுதியிருந்தனர். திரும்பச் செய்தபோது அத்தகைய விளைவு தெரிந்தது 36 விழுக்காட்டில் மட்டுமே. அவற்றை வெளியிட்டிருந்தவை யாவும் மதிப்புமிக்க ஏடுகள்!

இனி நம் ஊருக்கு வருவோம். பாணேர்ச் சாலை தொடங்கும் இடத்தில் உள்ள புணேப் பல்கலைக்கழகத்திலேதான் போலி ஏடுகளைப் பற்றிய முக்கியமான ஆராய்ச்சி நடந்தது. பூஷண் பட்வர்தனும் அவர் குழுவினரும் பல்கலைக்கழக மானியக் குழு ஏற்றிருந்த ஏட்டுப் பட்டியலில், பல்கலைக்கழகங்களின் பரிந்துரையால் சேர்ந்த 5,699 ஏடுகளிலிருந்து 1,336-ஐக் குலுக்கல் முறையில் எடுத்தனர். உலக அட்டவணைகளில் இருந்த 327-ஐ நீக்கி, எஞ்சிய 1,009-ஐச் சோதித்தனர். அவற்றுள் 34.5 விழுக்காடு, முகவரி, ஆசிரியர் பெயர் போன்ற அடிப்படைச் செய்திகளே இல்லாமலோ தவறாகவோ இருந்ததால் முதற்படியிலேயே தள்ளப்பட்டன. மேலும் 52.3 விழுக்காடு, ஏட்டின் பதிவு எண், தாக்க எண் போன்றவற்றில் பொய்யான செய்தி தந்திருந்தன. மொத்தத்தில் 88 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை தரம் குறைந்தவையாக இருக்கக்கூடும் என்று 2018-இல் 'கரண்ட் சயன்ஸ்' ஏட்டில் எழுதினர். அவ்வாண்டு மே மாதம் மானியக் குழு 4,305 ஏடுகளைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2019-இல் 'கேர்' என்னும் புதிய பட்டியல் வந்தது. அதைத் தொகுக்கும் பணியும் இப்பல்கலைக்கழகத்திலேயே நடந்தது. 2025 பிப்ரவரியில் அப்பட்டியல் கைவிடப்பட்டு, ஏட்டின் தரத்தை அந்தந்தக் கல்வி நிலையமே ஆராய்ந்து கொள்ளட்டும் என்று விடப்பட்டது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற விதியை மானியக் குழு 2022-லேயே தளர்த்திவிட்டது. இருப்பினும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களும் வேலைக்கு ஆள் எடுப்போரும் கட்டுரை எங்கே என்று கேட்பது நிற்கவில்லை. ஆகவே பட்டியல் பார்த்துத் தப்பித்துக்கொள்ளும் வழியும் இப்போது இல்லை. மாணவர் தாமே பார்க்க வேண்டியதாயிற்று.

என் நண்பரும் நானும் அன்றிரவே பார்த்தோம். கடிதத்தில் கண்ட ஏட்டின் பதிவு எண்ணைத் தேடினோம். அது வேறொரு ஏட்டுக்கு உரியது. ஆசிரியர் குழுவில் இருந்த ஒரு பேராசிரியரின் கல்லூரிப் பக்கத்தைப் பார்த்தோம். அங்கே அவர் இந்த ஏட்டைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. 7.2 என்ற எண்ணைக் கணித்தது யார் என்று தேடினால், பெயர் மட்டும் பெரிதாக இருந்த ஏதோ ஒரு நிறுவனம். உண்மையான தாக்க எண்ணை வெளியிடும் அட்டவணையில் அந்த ஏடே இல்லை. உளவியல் ஏடு என்று சொல்லிக்கொண்டு, அதே இதழில் சிமெண்டுக் கலவையைப் பற்றியும் கரும்பு நோயைப் பற்றியும் கட்டுரை போட்டிருந்தார்கள். நண்பருக்கு ரூபாய் 1,500 மிஞ்சியது. கட்டுரை இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது. ஐப்பசியில் ஒரு நல்ல ஏட்டுக்கு அனுப்பினார். திருத்தம் கேட்டுத் திரும்பி வந்திருக்கிறது.

ஆய்வுப் பொருள் தேடும் உளவியல், நூலகவியல் மாணவர்களுக்கு ஒரு யோசனை. 'சைக்கலாஜிக்கல் ஸ்டடீஸ்' ஏட்டின் ஏதேனும் ஓராண்டுத் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டுரையின் இறுதியிலும் உள்ள மேற்கோள் பட்டியலை எண்ணி, இந்திய ஏடுகள், அயல்நாட்டு ஏடுகள், நூல்கள், பிற என்று நான்கு கட்டங்களில் குறியுங்கள். பின்னர் 1960-களில் வந்த ஒரு பழந்தொகுதிக்கும் அவ்வாறே செய்யுங்கள். பழந்தொகுதி இங்கே கிடைக்காவிட்டால் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். சென்னைக் கழகத்து ஏட்டின் பழைய இதழ்களையும் அங்கேயே தேடுங்கள். எண்ணி முடிக்க ஒரு வாரம் போதும். இரண்டு அட்டவணைகளையும் அடுத்த இதழுக்கு அனுப்பினால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சிடலாம்.