பிள்ளை மந்தமா? லேகியம் கேட்பதற்கு முன் இதைப் படியுங்கள்!

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் இரண்டு மலைப்பாதைகளில் ஒன்று எங்கள் குப்பனூர் வழியாகப் போகிறது. அந்தப் பாதையில் மேலிருந்து இறங்கும் பஸ்ஸில் வந்து, மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனோடு ஒரு தாய் என் முன்னால் உட்கார்ந்தார்.

"வைத்தியரய்யா, இவன் மண்டையில ஒண்ணும் ஏறமாட்டேங்குது. வல்லாரையை நெய்யில வதக்கிக் குடுத்துப் பாத்துட்டேன். நல்ல லேகியமா ஒண்ணு குடுங்க. அவங்கப்பா, படிச்சது போதும், ஆடு மேய்க்க அனுப்புன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாருங்க."

பையன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குச் சந்தேகம் தட்டியது. அவனுக்குப் பின்னால் போய் நின்று மெதுவாக, "கண்ணு, மிட்டாய் வேணுமா?" என்றேன். அசைவே இல்லை! சற்றே உரக்கக் கூப்பிட்டதும் இடது பக்கமாகத் திரும்பினான். வலது காதில் சீழ் காய்ந்து ஒட்டியிருந்தது.

"ரெண்டு வருசமா இப்படித்தாங்க. எண்ணெய் காய்ச்சி ஊத்துவோம், நின்னுரும், மறுபடியும் வரும்."

இப்போது சொல்லுங்கள், அவன் மந்தமா? ஆசிரியர் சொல்வது பாதிதான் காதில் விழுகிறது என்றால், எந்தப் பிள்ளைதான் படிக்கும்?

லேகியம் தரவில்லை. சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதினேன். பள்ளித் தலைமையாசிரியருக்கும் ஒரு கடிதம் கொடுத்தனுப்பினேன்.

எட்டில் இரண்டு

சித்த மருத்துவத்தில் நோயறிய எட்டுவகைத் தேர்வு உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். நாடியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மொழியையும் விழியையும் மறந்துவிடுகிறோம். 'படிப்பு ஏறவில்லை' என்று வரும் பிள்ளையிடம் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டையும்தான்.

இதை நானும் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தொழில் தொடங்கிய புதிதில், எழுத்துக்களை மாற்றி மாற்றி எழுதும் ஒரு சிறுமியை அழைத்து வந்தார்கள். பேச்சிலும் கணக்கிலும் கெட்டிக்காரி. ஆறு மாதம் பிரமி நெய் கொடுத்தேன். உடம்பு தேறியது, எழுத்து தேறவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். அவளுக்கு இருந்தது கற்றல் குறைபாடு என்று பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது. அப்போது நடைமுறையில் இருந்த 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. கற்றல் குறைபாடு அதில் இல்லை. ஆனால் சட்டத்தின் மேல் பழியைப் போட்டு நான் தப்பிக்க முடியாது. மருந்து எதற்கு, பாடம் எதற்கு என்று பிரித்துப் பார்க்கத் தவறியவன் நான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த ஏழை 21 ஆக்கியது. கற்றல் குறைபாடு, ஆட்டிசம், தலசீமியா, ஹீமோபிலியா எல்லாம் இப்போது பட்டியலில் உண்டு. 6 முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்பது 2009-ஆம் ஆண்டுச் சட்டம். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு இந்த உரிமை 18 வயது வரை நீள்கிறது. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கலாம். 'இந்தப் பிள்ளையைச் சேர்க்க மாட்டோம்' என்று எந்த அரசுப் பள்ளியும் சொல்ல முடியாது.

உதவி எங்கே கிடைக்கும்?

1. வட்டார வள மையம்: ஒவ்வொரு ஒன்றியத்திலும் உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்பாசிரியர்களும் இயன்முறைப் பயிற்சியாளர்களும் இங்கிருந்துதான் பள்ளிகளுக்குப் போகிறார்கள். மருத்துவ முகாம் நடத்தி, தேவைப்படும் பிள்ளைக்குக் காது மெஷின், சக்கர நாற்காலி, காலிப்பர் போன்றவற்றுக்கு ஏற்பாடு செய்வதும் இவர்களே. படுத்த படுக்கையாக இருக்கும் குழந்தைக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தருவதும் உண்டு.

2. பள்ளி மருத்துவக் குழு: 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் குழு, அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். அன்றைக்குப் பிள்ளையை லீவு போடவிடாதீர்கள்!

3. தேர்வுச் சலுகை: பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர், சில குறைபாடுகளுக்கு ஒரு மொழிப் பாடத்தில் விலக்கு ஆகியவை உண்டு. தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். பரீட்சை நெருங்கியபின் ஓடாமல் ஒன்பதாம் வகுப்பிலேயே ஆரம்பியுங்கள்.

4. இடையில் நின்ற பிள்ளைகளுக்கு: எஸ்டேட் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் இடம் மாறும் குடும்பத்துப் பிள்ளைகள் வயதுக்கேற்ற வகுப்பில் சேர உரிமை உண்டு. விடுபட்ட பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தரவேண்டும். மலைவாழ் பிள்ளைகளுக்கு அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன.

எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் 14417 என்ற பள்ளிக் கல்வி உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

வீட்டில் கவனியுங்கள்

* டி.வி.க்கு மிக அருகில் போய் உட்காருவது, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது.
* முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால் திரும்பாதது, அடிக்கடி "ஆங்?" என்பது.
* வாயால் சரியாகச் சொல்லும் பதிலை எழுத முடியாமல் திணறுவது.
* சில விநாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல விட்ட இடத்திலிருந்து தொடர்வது. இது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம்.
* வெளிறிய நகம், ஓயாத சோர்வு, மண் தின்னும் ஆசை. இது ரத்தசோகையின் குரல்.

கடைசி ஒன்றுக்கு முருங்கைக்கீரை, கேழ்வரகு, நெல்லிக்காய் கைகொடுக்கும். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் குடற்புழு மாத்திரையையும் தவறாமல் சாப்பிடச் சொல்லுங்கள். மற்றவற்றுக்குக் கைமருந்தோடு காலம் கடத்தாமல் பரிசோதனைக்குப் போங்கள். சீழ் வடியும் காதில் காய்ச்சிய எண்ணெய், பூண்டுச் சாறு எதையும் ஊற்றக் கூடாது. தண்ணீர் புகாமல் பார்த்துக்கொண்டு உடனே காட்டுங்கள்.

தாய்மார்கள் என்னிடம் கேட்பது

*"அட்டை வாங்கினா ஊனம்னு முத்திரை குத்திருவாங்களே டாக்டர்? நாளைக்குக் கல்யாணம் காட்சி?"*

அட்டை பிள்ளையின் நெற்றியில் ஒட்டுவதற்கல்ல, உங்கள் பீரோவில் இருப்பதற்கு! உதவித்தொகை, பஸ் சலுகை, தேர்வுச் சலுகை, அரசுக் கல்லூரியில் 5 சதவீத ஒதுக்கீடு எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி. முத்திரை குத்துவது அட்டையல்ல. 'மக்கு' என்று தினமும் கூப்பிடுகிறோமே, அந்த வார்த்தைதான்.

*"கூடப் படிக்கிற பிள்ளைங்க கேலி பண்ணாதா?"*

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் நூறாண்டுக்கு மேலாகப் பள்ளிகள் நடக்கும் ஊர் அது. கையால் பேசிச் சிரித்துக்கொண்டு பிள்ளைகள் தெருவில் போவார்கள். டீக்கடைக்காரரும் கையாலேயே பதில் சொல்வார். பார்த்துப் பழகிய ஊரில் கேலி இருக்காது. ஒளித்து வைத்தால்தான் கேலி வளரும்.

*"அப்போ வல்லாரை வேண்டாமா?"*

தாராளமாகத் துவையல் அரைத்துக் கொடுங்கள். நல்ல கீரை. ஆனால் கேட்காத காதையும் தெரியாத கண்ணையும் வல்லாரை சரிசெய்யாது.

அந்தப் பையன் என்ன ஆனான்? இரண்டு காதிலும் கேள்வித்திறன் குறைவு, வலதில் அதிகம் என்று சோதனையில் தெரிந்தது. சீழுக்கு மருத்துவம் நடந்தது. முன்வரிசையில், இடது காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி உட்கார வைத்தார்கள். வட்டார வள மையத்து முகாமில் காது மெஷின் கிடைத்தது. சிறப்பாசிரியை வாரந்தோறும் வந்து எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழக்கினார். இழந்த இரண்டு வருடத்தை ஒரே நாளில் பிடித்துவிட முடியவில்லை. இன்னும் மெதுவாகத்தான் படிக்கிறான்.

போன மாதம் அவனுடைய அப்பாவே கூட்டிக்கொண்டு வந்தார். என் மேஜை மேல் கிடந்த மருந்துப் பாட்டிலை எடுத்து, அதில் ஒட்டியிருந்த பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தான் பையன். அப்பா ஒன்றும் பேசவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தாய்மார்களே, இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன் ஒரு சின்ன காரியம் செய்யுங்கள். உங்கள் பிள்ளைக்குப் பின்னால் நின்று, மெதுவான குரலில் ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள்.