பைத்தானில் தமிழ் உரையோடு பழகும்போது

நூல் பட்டியல்களையும் உறுப்பினர் பட்டியல்களையும் பைத்தானில் சீர்படுத்துவது என் அன்றாட வேலை. புதிதாக வருகிறவர்கள், "தமிழுக்கு எந்த லைப்ரரி போடணும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். முக்கால்வாசி வேலைக்கு எதுவும் வேண்டாம். மொழியோடு வரும் ஸ்ப்ளிட், ரீப்ளேஸ், ஸ்டார்ட்ஸ்வித் போதும். அவை நம் எழுத்துகளை அல்ல, யூனிகோட் குறியீடுகளைப் பார்க்கின்றன என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

'தமிழ்' என்பதற்கு லென் 5 என்று சொல்லும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஆகவே சொல்லை முழுதாகத் தேடவும் மாற்றவும் இந்தக் கருவிகளை நம்பலாம். எண்ணுவது, நறுக்குவது, திருப்பிப் போடுவது என்று வந்தால் உஷாராக இருங்கள்.

எதற்கும் முன்னால் உரையைச் சுத்தம் செய்யுங்கள். 'கொடி'யில் உள்ள ஒகரக் குறி சில கோப்புகளில் ஒரே குறியீடாக இருக்கும். சிலவற்றில் கொம்பும் காலும் தனித்தனியாக இருக்கும். திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் தேடினால் அகப்படாது. யூனிகோட்டேட்டா மாட்யூலில் உள்ள நார்மலைஸை என்எஃப்சி முறையில் ஓட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஔகாரத்துக்குப் பதில் கொம்பும் ளகரமும் தட்டிய 'கெளரி'களை அது திருத்தாது. அதற்காக ரீப்ளேஸை மொத்தமாக ஓட்டிவிடாதீர்கள், கெளுத்தி மீனும் சேர்ந்து கெட்டுப்போகும். அப்படிப்பட்ட சொற்களைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். அகலமில்லாத இடைவெளிக் குறிகளும் ஸ்ட்ரிப்புக்கு மசியாது. டிரான்ஸ்லேட்டில் அவற்றை நீக்கச் சொல்லுங்கள்.

பெயருக்கு முன்னால் உள்ள 'திரு. ' என்பதை நீக்க எல்ஸ்ட்ரிப்பை எடுக்க வேண்டாம். அது கொடுத்ததை முன்னொட்டாகக் கொள்ளாது. அதிலுள்ள குறியீடு எது வந்தாலும் தின்றுகொண்டே போகும். 'திரு. துரை'யைக் கொடுத்துப் பாருங்கள்: த, உகரக் குறி, ர எல்லாம் போய் ஐகாரக் குறி மட்டும் மிஞ்சும். 'திரு. திருமாறன்' மாறனாகிவிடுவார். இதற்கென்றே 3.9 பதிப்பிலிருந்து ரிமூவ்பிரிஃபிக்ஸ் இருக்கிறது.

ரெகுலர் எக்ஸ்பிரஷனில் எல்லாரும் பழக்கத்தில் போடும் பின்சாய்கோடு டபிள்யூ, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே ஏற்பதில்லை. 'தமிழ்' என்பது 'தம', 'ழ' என்று உடைந்து வரும். யூனிகோட்டில் தமிழ்ப் பகுதியின் முதல் குறியீட்டையும் கடைசிக் குறியீட்டையும் சதுர அடைப்புக்குள் இடையில் சிறுகோடிட்டுக் கொடுத்து, பின்னால் ஒரு கூட்டல் குறி போட்டால் சொல் முழுதாகக் கிடைக்கும்.

அகரவரிசைதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பயனர் முதலில் பார்ப்பது அதைத்தான். சார்ட்டட் 'மனம்' என்பதை 'மலர்' என்பதற்கு முன்னால் வைக்கும், ஏனென்றால் யூனிகோட்டில் னகரம் நகரத்தை அடுத்து உட்கார்ந்திருக்கிறது. நம் வரிசையில் அது கடைசி மெய். 'அக்கா'வையும் 'அகம்' என்பதற்குப் பின்னால் தள்ளிவிடும். ஒரு டிக்ஷனரியில் புள்ளி, சொல்லின் முடிவு, உயிர், ஆய்தம், நம் வரிசையில் மெய்கள், கிரந்தம், உயிர்க்குறிகள் என்று எண் கொடுத்து, சொல்லை அந்த எண்களின் பட்டியலாக்கும் ஃபங்ஷனைக் கீ ஆக அனுப்புங்கள். சில வரி வேலைதான்.

பழைய நூல்களின் ஆண்டுக்கு ஒரு நல்ல செய்தி: '௧௯௧௦' என்று இருந்தால் இன்ட் அப்படியே 1910 ஆக்கித் தரும். ௲, ௱, ௰ கலந்து எழுதியிருந்தால் பிழை காட்டும். அங்கே யூனிகோட்டேட்டாவின் நியூமரிக் ஒவ்வொரு குறிக்கும் மதிப்பைச் சொல்லும். பெருக்கிக் கூட்டும் பகுதியை நாம் எழுதிக்கொள்ள வேண்டும்.